பத்து ஓட்டை

ஷரீப்: பத்துமா வீராசாமி?

வீராசாமி: ஆங் பாய். சோதிக்கச் சொன்ன புது பேக்டரி தோட்டா பத்து, அட்டையில ஓட்டை பத்து. நீங்களே எண்ணிக்கோங்க.

ஷரீப்: அளந்தியா?

வீராசாமி: ஸ்கேல் வெச்சு அளந்தேன். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ரெண்டே அங்குலம். சுடறதுன்னா உங்க கைதான் பாய்!

ஷரீப்: அட... அவ்ளோ நல்லாவா சுட்டிருக்கேன்?

வீராசாமி: அட்டைக்குக் கீழ குழியில குந்திகினு கேட்டேனே. டமால் டமால்னு பத்து வெடி. காது இன்னும் கொய்யுங்குது.

ஷரீப்: பத்தும் கேட்டுது?

வீராசாமி: ஒண்ணு உடாம.

ஷரீப்: ஓகோ... ஆமா, தலையில இன்னாத்துக்கு இவ்ளோ பெரிய துண்டு?

வீராசாமி: வெயிலு பாய்.

ஷரீப்: காதோரம் சந்தனம் வழியுதே.

வீராசாமி: அது... வேர்வை.

ஷரீப்: வாசனையா வேர்க்குது நைனா உனுக்கு! துண்ட எடு.

வீராசாமி: வாணாம் பாய்...

ஷரீப்: எடுன்றேன்... யா அல்லா! மொட்டை!

வீராசாமி: ஆடிக்கிருத்திகை பாய். எம் பொண்ணு அம்முக்கு அம்மை போட்டப்ப வேண்டிக்கினேன். வெடிகாத்தால மலையேறி முடி குடுத்துட்டு, நீங்க சுடறதுக்கு... முன்னாடியே ஓடியாந்துட்டேன்.

ஷரீப்: அட்டையத் தடவிப் பாரு. தோட்டா பாஞ்சா காயிதம் பின்னால கிழியணும். இது முன்னால பிதுங்கிகினு கீது. நான் இன்னா, அட்டைக்குப் பின்னால நின்னுகினா சுட்டேன்?

வீராசாமி: பின்னாலேந்து குத்துனது தப்பாப் போச்சே பாய்!

ஷரீப்: எதால குத்துனே?

வீராசாமி: பென்சிலால. நேரங்கழிச்சு வந்து பாத்தா அட்டை சுத்தமா கீது! பத்தும் தப்பிடுச்சு, பாய்க்குக் கண்ணு போச்சுன்னு பதறிட்டேன். துரை உங்க வேலைக்கு வேட்டு வெச்சுடுவாரேன்னுதான்...

ஷரீப்: என்னைக் காப்பாத்தினியாக்கும்!

வீராசாமி: தோட்டா நல்லா கீதுன்னு சீட்டுல கையெழுத்துப் போடுங்க பாய். பத்து மணி வண்டியில துரை எறங்கிடுவாரு.

ஷரீப்: போட்டா தோட்டாப் பெட்டிங்க நேரா சண்டைக்குப் போவும். உன் மச்சான் வேணு எங்க கீறான்?

வீராசாமி: பர்மாலதான்... ஐயோ!

ஷரீப்: அங்க அவன் துப்பாக்கியில தோட்டா வெடிக்கலன்னா, பென்சில் எடுத்துகினு நீ போவியா?

வீராசாமி: தப்புதான் பாய். ரெண்டு போடுங்க, வாங்கிக்கிறேன். ஆனா... இவ்ளோ கேக்குறீங்க, மூஞ்சில கோவத்தையே காணமே?

ஷரீப்: கோவப்பட எனக்கு ஏதுடா மூஞ்சி? ராத்திரி அரக்கோணத்துல என் ஊட்டுக்காரி ஃபரீதாவுக்குப் பொண்ணு பொறந்துது. பாத்துட்டு இப்பதான் வண்டி எறங்கினேன். பத்து தோட்டாவும் ஜோப்புலயே கீது... ஓடு, புது அட்டை மாட்டு!