பாக்க ஒரு ஆள்

அண்ணன்: கைய பாக்காத. என் முகத்த பாரு.

தங்கச்சி: ஏன், கையில ஏதாவது வச்சிருக்கியா?

அண்ணன்: இப்படிக் கேட்டா நான் எப்படி வித்தை காட்டுறது... பாக்குறவங்க கேள்வி கேக்கக் கூடாது.

தங்கச்சி: சரி, கேக்கல. காட்டு.

அண்ணன்: இந்தா, மோதிரம். இந்தக் கையில வச்சு மூடுறேன். ஊது.

தங்கச்சி: நான் ஊதணுமா?

அண்ணன்: நீதான். ...ம். இப்ப எங்க இருக்கு?

தங்கச்சி: தெரியல.

அண்ணன்: நெஜமாவே தெரியலயா, இல்ல மறுபடி போய்ப் படுத்துக்கலாம்னு சொல்றியா?

தங்கச்சி: அண்ணா... உன் சட்டைக்கை ஒரு பக்கம் மட்டும் தொங்குது.

அண்ணன்: பாத்தியா, இதுக்குத்தான் ஒரு ஆள் வேணுங்கறது. கண்ணாடி முன்னாடி எத்தன தடவ நின்னாலும் எனக்கு இது தெரிய மாட்டேங்குது. நாளைக்கு மேடையில இப்படிச் செஞ்சிருந்தா மானம் போயிருக்கும்.

தங்கச்சி: என்ன மேடை?

அண்ணன்: ஒரு கம்பெனி ஆண்டு விழா. புதுசா ஏதாவது காட்டுங்கன்னு சொல்லிட்டாங்க.

தங்கச்சி: அதுக்கு நாள் முழுக்க பஸ்ல உக்காந்து இங்க வரணுமா? அண்ணிகிட்ட காட்ட வேண்டியதுதானே?

அண்ணன்: உங்க அண்ணியா? நான் கைய தூக்கும்போதே தட்ட ஆரம்பிச்சிடுவா. 'முடிஞ்சுதுல்ல, குக்கர இறக்கிட்டு வர்றேன்'ம்பா.

தங்கச்சி: பக்கத்து வீட்டுப் பசங்க?

அண்ணன்: ஒருத்தன் நேரா என் பாக்கெட்டுக்குள்ள கைய விட்டுட்டான்.

தங்கச்சி: உன் கூட வேலை பாக்குறவங்க...

அண்ணன்: லேத் பட்டறையிலயா? சாப்பாட்டு நேரத்துல ஒரு தடவ காட்டினேன். 'மோதிரத்த மறைக்கிறது இருக்கட்டும், நம்ம சூப்பர்வைசர மறைய வைக்க முடியுமா'ன்னான் ஒருத்தன். அவரு பின்னாடியே நின்னுட்டு இருந்திருக்காரு.

தங்கச்சி: ...

அண்ணன்: சிரிச்ச மாதிரி இருந்துச்சு.

தங்கச்சி: இல்ல.

அண்ணன்: சரி. இல்ல.

தங்கச்சி: இதுக்கு முன்னாடியெல்லாம் யார்கிட்ட காட்டிப் பாப்ப?

அண்ணன்: உனக்குத் தெரியாதா?

தங்கச்சி: உன் வாயால சொல்லு. இந்த வீட்டுல அவள பத்தி யாருமே பேச மாட்டேங்கறீங்க. நான் உள்ள வந்தா பேச்ச நிறுத்திடுறீங்க.

அண்ணன்: ...வாலுகிட்டதான். உன் பொண்ணுகிட்டதான். என்ன புதுசா கத்துக்கிட்டாலும் முதல்ல இங்கதான் வருவேன். அந்தக் கட்டில்ல சம்மணம் போட்டு உக்காந்துப்பா. முடிஞ்சதும், 'மாமா, ஒண்ணுமே கண்டுபிடிக்க முடியல'ம்பா. அவ சொல்லிட்டா போதும், தைரியமா மேடை ஏறிடுவேன்.

தங்கச்சி: அவ பொய் சொன்னாண்ணா.

அண்ணன்: என்ன?

தங்கச்சி: எல்லாத்தையும் கண்டுபிடிச்சிடுவா. நீ அந்தப் பக்கம் பஸ் ஏறினதும் என்ன உக்கார வச்சு செஞ்சு காட்டுவா. பந்து எங்க போச்சு, சீட்ட எப்படி மாத்தின, எல்லாம். 'மாமாகிட்ட சொல்லிடாதம்மா, பாவம், முகம் சுருங்கிடும்'ம்பா.

அண்ணன்: செஞ்சே காட்டுவாளா?

தங்கச்சி: அவ கை சின்னது. பந்த மறைச்சா விரல் இடுக்குல தெரியும். நானும் தெரியாத மாதிரியே இருந்துப்பேன்.

அண்ணன்: எல்லாமேவா கண்டுபிடிச்சா?

தங்கச்சி: வெட்டின கயிறு ஒண்ணாகுமே, அது மட்டும் பிடிபடல. துணி காயப்போடுற கொடிய துண்டு துண்டா வெட்டி வச்சிருந்தா ஒரு நாள். அடிக்கக் கை ஓங்கினேன்... அடிக்கல.

அண்ணன்: என்கிட்ட வந்து அது ஒண்ண மட்டும் சொல்லித் தரச் சொன்னா. ஏன் அத மட்டும் கேக்குறான்னு அப்ப புரியல. அடுத்த தடவ வர்றப்ப சொல்லித் தர்றேன்னேன்.

தங்கச்சி: அடுத்த தடவ நீ வந்தப்ப...

அண்ணன்: ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தேன். வெறும் காய்ச்சல்தானேன்னு பையில கயிற போட்டுட்டு வந்தேன். பக்கத்துல உக்காந்து சொல்லித் தரலாம், கொஞ்சம் பொழுது போகும்னு... மாப்பிள்ளை வெளிய வந்து என் கைய பிடிச்சுக்கிட்டாரு.

தங்கச்சி: அந்தக் கயிறு இருக்கா?

அண்ணன்: இருக்கு. பையிலதான் இருக்கு. எடுக்கவே இல்ல.

தங்கச்சி: எனக்குச் சொல்லித் தா.

அண்ணன்: இப்பவா... வேண்டாம்மா.

தங்கச்சி: சொல்லித் தா.

அண்ணன்: ...இங்க பாரு. நடுவுல வெட்டுற மாதிரி தெரியுதுல்ல? வெட்டுறது இந்தக் கயிறே இல்ல. உள்ளங்கையில ஒரு துண்டு மடிச்சு வச்சிருக்கேன். அத மேல இழுத்துவிட்டு அதைத்தான் வெட்டுறேன். பெரிய கயிறு முழுசாத்தான் இருக்கு.

தங்கச்சி: அவ்வளவுதானா?

அண்ணன்: அவ்வளவுதான்.

தங்கச்சி: இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தா அவளே கண்டுபிடிச்சிருப்பா.

அண்ணன்: கண்டிப்பா கண்டுபிடிச்சிருப்பா. ...அழுதுடும்மா. நான் இருக்கேன்.

தங்கச்சி: வர மாட்டேங்குதுண்ணா. அதான் பயமா இருக்கு.

அண்ணன்: உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நாளைக்கு ஆண்டு விழா எதுவும் இல்ல. அவ போனதுக்கப்புறம் நான் எந்த மேடையும் ஏறல. மாப்பிள்ளைதான் போன் பண்ணாரு. 'எந்திரிக்க மாட்டேங்கறா, யார் முகத்தையும் ஏறிட்டுப் பாக்க மாட்டேங்கறா, நீங்க வந்தா ஏதாவது...'ன்னாரு. வித்தை காட்டினா நீ பாத்துத்தானே ஆகணும்னு கிளம்பி வந்துட்டேன்.

தங்கச்சி: தெரியும்ணா. அவரு உன்கிட்ட பேசுறப்ப நான் தூங்கல, சும்மா கண்ண மூடிப் படுத்திருந்தேன். உனக்கும் பாக்க ஆள் இல்லாமப் போச்சேன்னுதான் எந்திரிச்சு வந்து உக்காந்தேன்.