தவக்காலத்து முசாக்கா

கத்தரிக்காயை வட்டமாக நறுக்கி, உப்புத் தூவி அரை மணி நேரம் வைத்துவிட்டால் கசப்பு இறங்கிவிடும், ஃபாதர். அவசரக்காரர்கள் அதைச் செய்வதில்லை. எனக்கு எதிலும் அவசரம் கிடையாது. சாப்பிடுங்கள், ஆறினால் மேல்மாவு இறுகிவிடும். நீங்கள் சாப்பிடச் சாப்பிட நான் சொல்கிறேன். இந்தப் புனித வாரத்துக்குள் மனதைக் கழுவிக்கொண்டால் ஈஸ்டர் அன்று நிம்மதியாக நற்கருணை வாங்கலாம்.

நீங்கள் இந்தக் கோயிலுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. ஆறு வருடத்துக்கு முன்னால் இந்த அஸ்தோரியாவில் நம் கிரேக்கர்களின் தவக்கால வெள்ளி விருந்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவித்த பீன்ஸ், ஆலிவ், செருப்புத் தோல் மாதிரி ஆக்டோபஸ். வருவது இருபது பேர். மற்றவர்கள் பூசை முடிந்ததும் தெருமுனையில் சுட்ட கறி தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். கொஞ்சம் ருசியாகச் செய்யலாமே என்று பெண்கள் சங்கத் தலைவி கல்லிரோயிடம் நான் சொன்னால், "நோன்புன்னா நாக்கு அழணும்டி எவ்தொக்கியா" என்பாள். அந்த ஆன்மாக்களை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது.

எங்கள் எதிர்வீட்டு ஒதிலியாவுக்குச் சொந்த ஊர் மெக்சிகோவில் புவெப்லா. கோயில் கூடத்துச் சமையலறையில் வேலை செய்தாள். என்னை 'கொமாத்ரே' என்றுதான் கூப்பிடுவாள். உடன்பிறவாத சகோதரிக்கு அவர்கள் சொல்லும் வார்த்தை அது. ஒருநாள் அவளுடைய மோலே குழம்பை ருசி பார்த்தேன். காய்ந்த மிளகாய், எள், கொஞ்சம் சாக்லேட். அதோடு பட்டை. கத்தரிக்காயும் கறியும் அடுக்கி, மேலே பால் சாஸ் ஊற்றிச் சுடும் என் முசாக்காவிலும் பட்டைதான். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். கறிக்குப் பதில் கறுப்பு பீன்ஸும் காளானும் வைத்து, நடுவில் அவள் குழம்பை ஊற்றி, மேலே பால் சாஸுக்குப் பதிலாக மக்காச்சோள மாவைப் பரப்பினோம். கறியும் பாலும் ஆகாத நம் நோன்புக்கு ஏற்ற முசாக்கா தயார்.

முதல் வெள்ளிக்கிழமை மேல்மாவு செங்கல்லாக வந்தது. ஒதிலியா கையைப் பிசைந்தாள். "எங்கூர்ல பன்னிக் கொழுப்பு போட்டு அடிப்போம், பஞ்சு மாதிரி வரும். உங்க நோன்புக்கு அது ஆகாதே கொமாத்ரே" என்றாள். கவனியுங்கள், ஃபாதர். யோசனை அவளுடையது.

அடுத்த வாரம், உன் தோள்வலிக்கு ஓய்வு கொடு, மாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நாலு கரண்டி கொழுப்பு. அவ்வளவுதான். மாவு பொங்கி எழுந்தது. அந்தத் தவக்காலம் முடிவதற்குள் இருபது பேர் நூற்றெண்பது பேர் ஆனார்கள். தெருமுனைக் கறிக்கடை வெள்ளிக்கிழமைகளில் ஈ ஓட்டியது. ஏழு வயதிலிருந்து ஒரு நோன்பும் தவறவிடாத பொலிக்ஸேனிக்கு அப்போது தொண்ணூறு வயது. மூன்று துண்டு கேட்டு வாங்கித் தின்றாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னால் மறக்க முடியாது. உங்களுக்கு முன்னால் இருந்த ஃபாதர் தட்டை வழித்துவிட்டு, நோன்பு என்றால் இப்படி மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்று பிரசங்கமே செய்தார். இத்தனை பேரை நோன்பிருக்க வைத்தது யார் என்று நான் ஒருநாளும் பீற்றிக்கொண்டதில்லை.

கொழுப்பை எள் அல்வா டின்னில் வைத்திருந்தேன். நாக்கு அழவேண்டும் என்ற கல்லிரோய், போன வருடம் யாருக்கும் தெரியாமல் அல்வா தின்ன வந்து அந்த டின்னைத் திறந்துவிட்டாள். சங்கத்தையே சமையலறையில் கூட்டிவிட்டாள். நான் அடுப்பில் காளானைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

"பன்னிக் கொழுப்ப வேற யாரு கொண்டுவருவா?" என்று ஒதிலியாவைப் பார்த்தாள்.

ஒதிலியா என்னைப் பார்த்தாள். மாவு பிசைவது யார் என்று அவளுக்குத் தெரியுமே. "கொமாத்ரே, நீங்க சொல்லுங்க" என்றாள்.

நான் சொன்னேன். அவளுக்காகத்தான் பேசினேன், ஃபாதர். "பாவம், நம்ம நோன்பப் பத்தி அவளுக்கு என்ன தெரியும்? விட்டுடுங்க" என்றேன். குரலில் எவ்வளவு பரிவு இருந்தது என்று எல்லாரும் பிறகு பாராட்டினார்கள்.

அன்றே அவளை வேலையை விட்டு அனுப்பினார்கள். அவள் மகள் மரிசேலாவுக்கும் கல்லிரோயின் மகன் ஸ்ட்ராத்தோஸுக்கும் ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. மணமக்கள் தலையில் வைக்கும் கல்யாணக் கிரீடங்கள்கூட வந்துவிட்டன. கடவுளையே சாப்பாட்டில் ஏமாற்றிய வீட்டில் பெண்ணெடுக்க மாட்டேன் என்று கல்லிரோய் நின்றாள். பையன் இரண்டு வாரம் அழுதான், பிறகு அம்மா பேச்சைக் கேட்டான். மரிசேலா என் மடியில் படுத்துத்தான் அழுதாள். என் அம்மா அப்படிச் செய்வாளா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். தலையைத் தடவிக்கொடுத்தேன்.

ஒதிலியாவுக்கு ஒரு தட்டு முசாக்கா கொடுத்தனுப்பினேன். அடுத்த வீட்டுத் தட்டை வெறுமையாகத் திருப்புவது எங்களிடமும் வழக்கமில்லை, அவர்களிடமும் இல்லை. ஒரு எலுமிச்சம்பழமாவது வைத்துத்தான் கொடுப்போம். என் தட்டு பளபளவென்று கழுவி, வெறுமையாகத் திரும்பி வந்தது. அது எனக்கு வலித்தது. இத்தனை வருட சிநேகத்துக்கு அவள் கொடுத்த மரியாதை அதுதானா என்று தோன்றியது.

சபை முன்னால் உண்மையைச் சொல்லச் சொல்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள். பொலிக்ஸேனி ஒரு நோன்பும் தவறவில்லை என்ற திருப்தியோடு கண்ணை மூடினாள். அந்தப் பெருமையை அவள் கல்லறையிலிருந்து தோண்டி எடுக்க எனக்கு மனம் வராது. நூற்றெண்பது பேரின் நிம்மதி ஒரு பக்கம், ஒதிலியா ஒருத்தி மறு பக்கம். மரிசேலாவுக்கு வயது இருக்கிறது, வேறு பையன் கிடைப்பான்.

நான் திருந்தவில்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இனி நீயே சுத்தமாகச் செய் என்று கல்லிரோய் முசாக்காவை என்னிடமே ஒப்படைத்தாள். ஒதிலியா போன பிறகு ருசி கூடிவிட்டது என்கிறார்கள். கூடத்தில் இப்போது அந்த டின் இல்லை. மாவை வீட்டிலேயே பிசைந்து எடுத்து வருகிறேன்.

ஏன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டீர்கள், ஃபாதர்? நீங்கள் கடுமையாக நோன்பு இருப்பவர் என்று எனக்குத் தெரியாதா? அதனால்தான் உங்கள் தட்டுக்கு மட்டும் கொழுப்பை இரண்டு கரண்டியோடு நிறுத்திக்கொண்டேன்.