பரவைக்குப் போய்ச் சேர்ந்த செய்தி

"ஏறாதீங்கண்ணே! இறங்குங்க!"

கத்துகிறேன். பக்கத்து வீட்டு மலைச்சாமி அண்ணன் இறங்கவில்லை. தண்ணீர்த்தொட்டி மேல் நிற்கிறார். ஒரு கையில் பைப். மறு கையில் ஸ்பேனர். ஆனையூர். எங்கள் மொட்டைமாடி. போரின் பதினோராம் நாள். காலை பத்து நாற்பது. வடக்கே விமானச் சத்தம். முதலில் தையல் மெஷின் ஓடுவது போல. பிறகு கனத்துவிட்டது.

அவர் ஏன் ஏறினார் என்பதைச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாளே செல்போன் டவர்களைத் தகர்த்துவிட்டார்கள். என் தங்கை நந்தினி விளாங்குடியில். அண்ணனின் மனைவி செல்வியும் மகள் தாமரையும் பரவையில், செல்வியின் தாய் வீட்டில். யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் லேப் உதவியாளர். மாணவர்கள் செய்து பார்த்த சின்ன ரேடியோக்கள் மூன்று என்னிடம் இருந்தன. அவற்றுக்கு டவர் வேண்டாம். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிச் செய்தி போகும். பேச முடியாது. எழுத்து மட்டும். தமிழ் எழுத்து அதிக இடம் பிடிக்கும். ஒரு வரிக்கு மேல் போகாது.

அண்ணன் எலக்ட்ரீசியன். சைக்கிளில் போய் விளாங்குடியில் ஒன்று, பரவையில் ஒன்று கொடுத்துவிட்டு வந்தார். மூன்றாவது எங்கள் வீட்டில். தரையில் வைத்தால் கட்டடங்கள் மறைத்தன. உயரம் வேண்டும்.

இரண்டு நாள் கட்டினோம். தொட்டியோடு சேர்த்து இரும்பு பைப். உச்சியில் ஆன்டெனா. அதற்குக் கீழே மழை புகாத பெட்டி, அதற்குள் ரேடியோ. கேபிள் நீண்டால் சிக்னல் செத்துவிடும். ஒரு முழம்தான் விட்டோம். சின்ன சோலார் பலகை. யூபிஎஸ்ஸிலிருந்து கழற்றிய பேட்டரி.

"இன்னும் எம்புட்டு உயரம் வேணும் தங்கச்சி?"

"ஒரு ஆள் உயரம்ணே."

ஏழாம் நாள். மாலை நான்கேகால். ரேடியோவோடு புளூடூத்தில் இணைத்திருந்த என் போனில் முதல் செய்தி விழுந்தது. செல்வி. "பாப்பா சாப்டுச்சு. நீங்க?" அண்ணன் நான்கு தடவை படித்தார். தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சாப்ட்டேன்னு போடு தங்கச்சி."

அவர் காலையிலிருந்து சாப்பிட்டிருக்கவில்லை.

நந்தினியும் அன்று எழுதினாள். எங்கள் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்தில், தமிழ் எழுத்தில். நன்றாக இருக்கிறாள். அழுதேன்.

பத்தாம் நாள் அடுத்த தெருவில் குண்டு. வீடு ஆடியது. பைப் சாய்ந்தது. நிமிர்த்தினோம். கேபிளின் முனை தளர்ந்ததை நான் கவனிக்கவில்லை.

பதினோராம் நாள் காலை செல்வியிடமிருந்து ஒரு வரி. "கிளம்பிட்டோம். ரோட்டுல நடந்து வாரோம்." அடுத்த நிமிடம் விமானங்கள்.

"திரும்பிப் போகச் சொல்லு! ரோட்டுல போறவுகளத்தான் அடிப்பாய்ங்க!"

போனில் டைப் அடித்தேன். "ரோடு வேணாம். திரும்பிப் போங்க." போகவில்லை. மறுபடி. போகவில்லை. மூன்றாம் தடவையும். அண்ணன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டார்.

தளர்ந்த கேபிள் முனையை முடுக்குகிறார்.

"இப்ப அனுப்பு!"

அழுத்தினேன். போய்ச் சேர்ந்ததற்கான குறி வந்தது.

"போயிருச்சுண்ணே!"

அவர் கேட்டாரா, தெரியாது. பத்து நாற்பத்துமூன்று. சத்தம் எனக்குக் கேட்கவில்லை. மார்பில்தான் விழுந்தது. படிக்கட்டில் கண் திறந்தேன். தொட்டி இல்லை. அவரும் இல்லை.

பதினான்காம் நாள் ஒரு பெண் என்னைத் தேடி வந்தார். பரவைச் சந்தையில் கீரை விற்பவர். செல்வியோடு சேர்ந்து நடந்தவர்.

"ஒங்க மெசேஜப் பாத்துத்தான் திரும்புனாக. நான் திரும்பல. எனக்கு இங்கிட்டுத்தான் ஆளுக."

ரோட்டில் குண்டு விழவில்லை. சந்தையில் விழுந்தது. செல்வியும் தாமரையும் அங்கே கொட்டகைக்குள் ஒதுங்கியிருந்தார்கள்.

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. தண்ணீர் கேட்டார். குடித்தார். போய்விட்டார்.

ரேடியோ இல்லை. விளாங்குடிக்கு நடந்தே போனேன். நந்தினி உயிரோடு இருந்தாள். இரண்டு காதும் கேட்பதில்லை.

எழுதி வைக்கிறேன். யாரும் மறக்கக்கூடாது. மலைச்சாமி, நாற்பத்துமூன்று வயது. செல்வி, முப்பத்தாறு. தாமரை, ஒன்பது. எங்கள் தெருவில் ஆறு வீடு இடிந்தது. அண்ணனையும் சேர்த்துப் பதினோரு பேர். சந்தையில் எத்தனை பேர் என்று இன்னும் யாரும் எண்ணி முடிக்கவில்லை. அவர்களில் இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியது நான்.