ஏழாம் கிணற்றின் கடைசி அளவு

ஆனேக்கல் நிலத்தடி நீர் அளவீட்டுக் கிளையில் பணி நிறைவு பெறும் உயர்திரு மதலைமுத்து அவர்களுக்கு உடன் பணியாற்றியோர் உவந்தளிக்கும் மடல்

ஆழம் அளந்த அண்ணலே! வெயிலிலும் வேலை வழுவாத வித்தகரே! நகரத்து ஆடுகோடியிலிருந்து அதிகாலைப் பேருந்தேறி, முப்பத்தைந்து ஆண்டுகள் அலைந்தும், ஓர் அளவையேனும் உட்கார்ந்த இடத்தில் எழுதியறியாத உத்தமரே! வணக்கம்.

உங்களை நேருக்கு நேர் புகழ்ந்தால் நெளிவீர்கள். ஆகவே நீங்கள் கேட்டிருக்க, உங்கள் கதையை அவையோருக்குச் சொல்கிறோம்.

மதலைமுத்துவின் பொறுப்பில் இருபத்துமூன்று கண்காணிப்புக் கிணறுகள் இருந்தன. பூமிக்குள் நீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று பார்ப்பதற்காக மட்டுமே தோண்டியவை அவை. எஃகு நாடாவின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்து உள்ளே இறக்குவார். எதுவரை நனைந்து வருகிறதோ, அதுவே கணக்கு. அவர் சேர்ந்த புதிதில் இருபதடியில் நனைந்த நாடா, பிறகு எண்பதில் நனைந்தது, பிறகு நூற்றறுபதில்.

கடலில் எழுந்து, மேகமாய் மிதந்து, மழையாய் இறங்கி, மண்ணுக்குள் புகுந்து, ஆறாய்க் கடல் சேர்வது நீரின் நியாயமான பயணம். அது மண்ணில் புகும் வாசலை நாம் சிமெண்ட் போட்டு அடைத்தோம். இங்கே பெய்யும் மழை சாக்கடையில் கலந்து, நுரை பொங்கி, எல்லை தாண்டி ஓசூர்க்காரர் தலையில் விடிகிறது. காவிரியை நூறு கிலோமீட்டர் மேடேற்றிக் குடித்தோம். அதுவும் எட்டாத தெருக்களில் பூமியைத் துளைத்தோம்.

இதை அவர் ஆண்டுதோறும் அறிக்கையில் எழுதினார். செவிடன் காதில் ஊதிய சங்குதான். ஒன்றன்பின் ஒன்றாக இருபத்திரண்டு கிணறுகள் வறண்டன. மிஞ்சியது ஏழாம் எண் கிணறு.

"அது ஒண்ணையாவது உயிரோட உங்க கையில குடுத்துட்டுப் போயிடணும்பா" என்பார். பணி முடியும்போது அவருக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

போன திங்கட்கிழமை அங்கே நாடாவை இறக்கினார். நுனியில் தேய்த்த வெள்ளை நனையாமல் அப்படியே திரும்பி வந்தது. சாக்பீஸ்தான் சரியில்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டு மறுபடி தேய்த்து இறக்கினார். மறுநாளும் போய்ப் பார்த்தார். வெள்ளைதான். சோர்ந்துபோய் அலுவலகம் வந்தவர் கண்ணில், நிரம்பி வழிந்துகொண்டிருந்த எங்கள் தொட்டி பட்டது.

"ஏதுப்பா இவ்ளோ தண்ணி?"

"உங்க ஃபங்ஷனுக்குத்தான் சார். சாப்பாடு இருக்கே, ஞாயித்துக்கிழமையே நாலு லோடு டேங்கர் சொல்லிட்டேன்" என்றார் அலுவலக உதவியாளர் வெங்கி.

"எந்த போர்வெல்லேர்ந்து?"

வெங்கி டேங்கர்காரரிடம் விசாரித்துவிட்டு வந்து சொன்னார். "ஏழாம் நம்பருக்குப் பக்கத்து லேஅவுட் போர், சார்."

நீர் அளப்பதையே பிழைப்பாகக் கொண்ட நாங்கள், எங்கிருந்து வருகிறது என்று ஒரு வார்த்தை கேட்காமல் நீர் வாங்கியிருக்கிறோம். வேலியே பயிரை மேய்ந்த கதை. எங்கள் பொறியாளர் பிரபா அழுதுவிட்டார்.

"திரும்பக் கொண்டுபோய் ஊத்திடலாமா சார்?"

"நாலு லோடுல வத்தலம்மா. இருபது வருஷமா தெனம் எடுத்தாங்க, உங்களுது கடைசி, அவ்ளோதான். மேலேர்ந்து ஊத்தறது மழையோட வேலை. அது எறங்க எங்க எடம் விட்டோம்?"

எங்களைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

ஐயா! இத்தகைய மடலை நூறாண்டு வாழ்த்தி முடிப்பது மரபு. நிலமெல்லாம் வறண்ட ஊரில் நின்று அதைச் சொல்ல நாக் கூசுகிறது. ஆயினும் நீங்கள் துணைவியார் கேத்தரின் அம்மையாரோடு நலமாக இருங்கள். தண்ணீர் உள்ள ஊராகப் பார்த்து இருங்கள்.

பதிவேட்டில் ஏழாம் கிணற்றுக்கான கட்டத்தை நிரப்பாமலே பேனாவை மூடிவிட்டீர்கள். முப்பத்தைந்து ஆண்டுகளில் நீங்கள் வெறுமையாக விட்ட ஒரே கட்டம் அது. இன்று காலை அதில் 'வறண்டது' என்று நாங்கள் எழுதிவிட்டோம். உங்கள் கையெழுத்துக்குரிய இடத்தில், எங்கள் அனைவரின் கையெழுத்தும் இருக்கிறது.

தலை குனிந்து,
அளவீட்டுக் கிளைத் தமிழ்ப் பணியாளர்கள்,
ஆனேக்கல், பெங்களூரு.