தாழைக்காட்டுவிளை அண்ணாவியின் வயித்தெரிச்சல்

மைக்கும் வரல, மோட்டாரும் வரல, அந்தக் காலத்துல தாழைக்காட்டுவிளைன்னு ஒரு ஊரு. அந்த ஊர்ல நல்லபெருமாள் அண்ணாவின்னு ஒருத்தரு வில்லுப்பாட்டு படிச்சாரு. அண்ணாவின்னா வில்லடிச்சு முன்பாட்டு பாடுதவரு. பாட்டுன்னா பாட்டு, அப்பிடி ஒரு பாட்டு. அவரு வாயத் தொறந்தா அடுத்த ஊர்ல அடுப்புல சோறு அடிப்பிடிக்கும்னு சொல்லுவாவ. பொம்பளையெல்லாம் அங்கயே நின்னு கேட்டுட்டு இருந்திருப்பாவ போல.

அவரு குழுவுல குடம் அடிக்கது கோலப்பன். வில்லோட சேத்துக் கட்டுன மண்குடம், அது வாயில கமுகம்பாளைப் பட்டையால தட்டணும். அவ்வளவுதான் வேல. ஆனா அவன் தட்டுனா குடம் அழும், குடம் சிரிக்கும், குடம் பதில் சொல்லும்.

ஒருநாள் பாட்டு முடிஞ்சு எறங்குதாரு அண்ணாவி. ஒரு கிழவி வந்து கையப் புடிச்சா. "பாட்டு நல்லாருந்துது மக்கா. ஆனா அந்தக் குடம் கேட்டப்பதான் எனக்குக் கண்ணீரு வந்துது"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா. அவ போயிட்டா, சொன்னது போகல. அண்ணாவிக்கு வயிறு எரிஞ்சுது. சோறு எறங்கல. பொண்டாட்டி மிளகுரசம் வச்சுக் குடுத்தா. பொறாமைக்கு மிளகு கேக்குமா? கேக்காது.

அன்னைலேருந்து கோலப்பன கவுக்கணும்னு பாத்தாரு. பாடும்போது திடீர்னு வேகத்தக் கூட்டுவாரு, அவனும் கூட ஓடுவான். திடீர்னு நிறுத்துவாரு, அந்த எடத்துல அவன் ஒத்தத் தட்டு தட்டுவான். சனம் "ஆகா"ங்கும். இவரு குழி தோண்டத் தோண்ட, அதுல தண்ணி ஊறிச்சு. என்ன செய்ய? இன்னும் எரிஞ்சுது.

கடைசியில இசக்கியம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்துது. அண்ணாவி கோலப்பனக் கூப்பிட்டு, இந்தக் கொடைக்கு நீ வரண்டாம், குடத்த என் மச்சினன் பாத்துக்கிடுவான்னு சொல்லிட்டாரு. கோலப்பன் பட்டைய மச்சினன் கையில குடுத்துட்டுப் போனான். அந்த மச்சினன் வழியிலதான் நாங்கெல்லாம் வந்தோம். எவம்ல சிரிக்கிறது? கத கேக்க வந்தா கதயக் கேளு.

உச்சிக்கொடை. வெயிலு மண்டயப் பொளக்குது. அம்மன் கத முடிஞ்சு, அம்மன வரச்சொல்லிப் பாடுத வரத்துப்பாட்டு தொடங்கியாச்சு. கோமரத்தாடி கமுகம்பூவக் கையில புடிச்சுட்டு நிக்காரு. அவரு மேலதான் அம்மன் வரணும். வந்து குறி சொன்னாதான் ஊரு விதைக்கும். வரலன்னா, அம்மன அழைக்கத் தெரியாத அண்ணாவிக்கு அதுக்குப் பொறவு எவன் வெத்தல பாக்கு வைப்பான்?

அண்ணாவி பாடுதாரு. மச்சினன் அடிக்கான். சொல்லுக்குச் சொல்லு அடிக்கான், மூச்சு விட எடமில்லாம அடிக்கான். அண்ணாவி சத்தத்தக் கூட்டுதாரு. கோமரத்தாடிக்கு ஒரு விரலு ஆடல. சும்மா வேர்த்து ஒழுகுது. சனம் ஒருத்தர ஒருத்தர் பாக்குது. அண்ணாவிக்கு மூச்சு எட்டாம வரி பாதியில அறுந்துது.

அப்ப கூட்டத்துல கோலப்பன் இருக்கதப் பாத்தாராம். பாட்டு கேக்க வந்தவன் மாதிரி சம்மணம் போட்டு இருக்கான். ஆனா கை சும்மா இருக்கல. தொடயில தட்டுது. அண்ணாவி எங்க மூச்சு இழுக்கணுமோ, அங்க மட்டும் தட்டுது. அதப் பாத்து அண்ணாவி மூச்சு இழுத்தாரு. பாட்டு வந்துது. பாட்டு வந்துட்டுதேன்னு சந்தோசப்பட்டாரா? இல்ல. அப்பவும் வயிறு எரிஞ்சுது. இவன் தொட கூட நம்மளப் பாட வைக்குதேன்னு எரிஞ்சுது.

வரத்துப் பாடும்போது வில்ல நிறுத்தப்படாது. அவரு நிறுத்துனாரு. வில்லத் தட்டுத வீசுகோலக் கீழ வச்சாரு. ஊரு மொத்தமும் பதறிப்போச்சு. அவரு எழும்பி நின்னு சொன்னாரு.

"சபையோரே, எனக்குக் கோலப்பன் மேல பொறாம. அதான் அவனக் கூட்டிட்டு வரல. அம்மன் வராதது என் குத்தம்."

கோலப்பன் எழும்பி வந்தான். வேட்டில ஒட்டுன மண்ணத் தட்டிக்கிட்டே சொன்னான்.

"எனக்கும் உங்க தொண்ட மேல பொறாமதான் அண்ணாவி. அது இல்லன்னா இந்தப் பானய நான் என்னத்துக்கு இந்த அடி அடிக்கேன்?"

மச்சினன் எழும்பி எடங் குடுத்தான். கோலப்பன் இருந்தான். ஒருத்தனுக்கொருத்தன் விட்டுக்குடுக்காம, ஒருத்தன ஒருத்தன் முந்தவும் விடாம, போட்டாவ பாருங்க ஒரு வரத்து. கமுகம்பூ செதறுச்சு. அம்மன் குதிச்சு வந்துட்டா.

அதோட அண்ணாவிக்குப் பொறாம போச்சான்னு கேக்காதீங்க. சாகுமட்டும் போகல. ரெண்டு பேரும் சாகுமட்டும் பிரியவும் இல்ல.

இன்னைக்கும் தாழைக்காட்டுவிளைல வில்லு தொடங்கதுக்கு முன்ன அண்ணாவி சபையில எழும்பி, குழுவுல யாரு மேல தனக்குப் பொறாமன்னு பேரு சொல்லணும். சொன்ன பொறவுதான் வீசுகோல எடுக்கலாம். ஒருக்க வெளியூர்க் குழு ஒண்ணு வந்துது. அந்த அண்ணாவி பெரிய மனுசன் மாதிரி, எனக்கு யாரு மேலயும் பொறாம கெடயாது, நாங்கெல்லாம் அண்ணன் தம்பி மாதிரின்னாரு. ஊர்ப் பெரியவரு சாந்தமாத்தான் கேட்டாராம்.

"அப்ப உங்க குழுவுல நல்லா வாசிக்கவன் ஒருத்தனும் இல்லையா? சாப்பிட்டுட்டு ஊருக்குப் போங்க."