மூன்றரை மணி மாத்திரை

எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு ஒன்றரை மணிக்கு. பல வருஷமாக அப்படித்தான், டாக்டர். தம்பிக்கு பஸ் டிப்போவில் வண்டிகள் வரும் நேரம், போகும் நேரம் எழுதுகிற வேலை. காலை ஷிப்ட் முடிந்து வந்து அவன் கை கழுவும்போது தட்டு மேஜையில் இருக்கும். ஊருக்கெல்லாம் மணி பார்க்கிறவன் வீட்டில் பார்க்க மாட்டான். அதற்குத்தான் நான் இருந்தேனே.

இடுப்பெலும்பு ஆபரேஷனுக்காக இங்கே படுத்திருக்கிற இந்த மூன்று வாரத்தில் அவன் ரத்தத்தில் பாஸ்பரஸ் மளமளவென்று இறங்கிவிட்டது, வீட்டில் ஒரு வருஷமாக ஏன் இறங்கவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி.

அவனுக்குச் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் தொடங்கியபோது நீங்கள் என்னிடம்தான் விளக்கினீர்கள். அவன் வராந்தாவில் போன் பேசிக்கொண்டிருந்தான். வெளியேறாத பாஸ்பரஸ் ரத்தத்தில் தேங்கும், கழுத்திலுள்ள ஒரு குட்டிச் சுரப்பி அதனால் மிரண்டுபோய் எலும்பிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தை உருவும், எலும்பு உள்ளுக்குள் பொத்தலாகும் என்றீர்கள். மாத்திரை சாப்பாட்டோடு வயிற்றில் கலந்தால்தான் பாஸ்பரஸைப் பிடிக்குமாம். "சாப்பிடும்போதே குடுத்துடுங்கம்மா. அப்புறம் குடுத்தா குடுக்காத மாதிரிதான்." எனக்கு ஒரு தடவை சொன்னால் போதும்.

இரண்டு வருஷம் அப்படியேதான் கொடுத்தேன். பிறகு தையல்காரி வந்தாள். தன் அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்து வருகிறவள். கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். காலர் அருமையாகத் தைப்பாள்.

ஒருநாள் தம்பி சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். "அக்கா, நாங்க கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம். அவ வீட்டு மாடியில ரெண்டு ரூம் காலியா கெடக்கு."

"மாடின்னா ஏறணுமேடா."

"ஏறினா என்ன? கால் நல்லாத்தானே இருக்கு?"

நன்றாகத்தான் இருந்தது. அன்று பேச்சுவாக்கில் மாத்திரையை மறந்துவிட்டேன். மூன்றரைக்கு நினைவு வந்தது, கொடுத்தேன். மறுநாளும் மூன்றரைக்குக் கொடுத்தேன். மறுநாள் மறதி இல்லை. இரவுச் சாப்பாட்டு மாத்திரையையும் அப்படியே தள்ளிவைத்தேன்.

ஒரு மாத்திரைகூட விட்டதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நீங்கள் கேட்டபோதெல்லாம் காலி அட்டைகளைக் காட்டினேன். குழம்பிப்போய் அளவை இரட்டிப்பாக்கினீர்கள். இரண்டு இரண்டாகவே கொடுத்தேன். பாஸ்பரஸ் அதிகம் என்று நீங்கள் விலக்கச் சொன்ன பால் கேட்டான், சீஸ் கேட்டான், வறுத்த கடலை கேட்டான். நோயாளியின் வாயைக் கட்ட எனக்கு மனசு வராது. பால் எலும்புக்கு நல்லது என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

உடம்பெல்லாம் அரித்தது. முதுகைத் தேய்த்துவிட்டேன். முழங்கால் வலித்தது. தைலம் போட்டேன். வலி குறையட்டும் என்று அவனே கல்யாணத்தை இரண்டு முறை தள்ளிவைத்தான். நான் வாயே திறக்கவில்லை. மூன்றாம் முறை தள்ளிவைக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் ஒரே ஒரு படி இறங்கினான். விழுந்ததால் எலும்பு உடையவில்லை, உடைந்ததால்தான் விழுந்தான் என்று நீங்களே வியந்தீர்கள்.

ஆம்புலன்ஸில் என் கையை விடவே இல்லை. "நீ இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன், அக்கா?" என்றான். நடந்துகொண்டிருப்பாய் என்று நான் சொல்லவில்லை. வலியில் இருப்பவனிடம் வாதம் செய்யக்கூடாது.

ஆமாம், டாக்டர். எது ஆகும் என்று தெரிந்து, ஒரு வருஷம், தினமும் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். அவனிடம் மட்டும் இப்போது வேண்டாம். தையல்காரி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பாடு ஊட்டிக்கொண்டிருக்கிறாள். மூன்று வாரமாக அவள்தான் ஊட்டுகிறாள், ராத்திரி அந்த நாற்காலியிலேயே தூங்குகிறாள். பாவம், அவனுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?