ஊளம்பாறைக்கு ஒரு டிக்கெட்

கிழக்கே கோட்டையில் ஏறிய பேருந்தில் எனக்கு முன்னால், துணிக்கடைச் சீருடையில் இரண்டு பெண்கள். மூத்தவள் சொன்னாள்:

“அப்பல்லாம் ஊளம்பாறைக்கு டிக்கெட் கேட்டா பஸ்ஸே சிரிக்கும், கேட்டியா. பைத்தியாஸ்பத்திரி அங்கதானே இருக்கு. அண்ணனைப் பாக்கப் போகும்போ அம்மா அதைத் தாண்டி பேரூர்க்கடைக்குத்தான் டிக்கெட் எடுப்பா. அங்க இறங்கி, வந்த வழியே திரும்பி நடப்போம்.”

“வெயில்லயா அக்கா?”

“அந்த நடையிலதான் அம்மா எங்கிட்ட சிரிச்சுப் பேசுவா. கடலை வாங்கித் தருவா. இப்பவும் அப்படி நடக்க ஆசையா இருக்கு.”

“அண்ணனுக்குத் தெரியுமா?”

“ஜன்னல்ல நின்னு பாப்பானே. ‘பஸ் இங்கேயே நிக்குமே, ஏம்மா அங்கேயிருந்து நடந்து வாறே’ன்னு கேப்பான்.”

நடத்துநர் வந்தார்.

“ஊளம்பாறை ரெண்டு,” என்றாள் இளையவள். “எனக்கு மாத்திரை தீர்ந்துபோச்சு, சேட்டா. ஓபி முடியறதுக்குள்ள போயிருமா?”

“போகும்,” என்றார் அவர்.

யாரும் திரும்பவில்லை. மூத்தவள்தான் ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டாள்.